முட்டின் மேல் மைக்கோடு

23 மே 1995, செவ்வாய்

இன்று ஒரு தவறு தெரிந்தது. செய்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பெரியப்பாவின் வலது முழங்கால் முட்டைத் தையல் டேப்பால் அளந்தபோது, சில்லுக்கு, அதாவது முட்டுச் சிரட்டைக்கு, மூன்று விரல் மேலே டேப்பைச் சுற்றிவிட்டேன். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். இன்று சிரட்டையின் நடுவே சுற்றினேன். நாற்பது. "மூணு சென்டிமீட்டர் வத்தியிருக்கு பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு வேலைக்குப் போய்விட்டேன். செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் ஒரு லாரிக்காரரின் பெர்மிட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தொடைப் பக்கம் போகப் போகப் பருமன் கூடத்தானே செய்யும். வீக்கம் வற்றவில்லை, டேப் இறங்கியிருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் வீட்டு நோயாளி பராமரிப்பு வகுப்பில் விலாசினி டீச்சர் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அன்றைய தவறை முதலில் எழுத வேண்டும், மறுநாள் வேலையைக் கடைசியில் எழுத வேண்டும். இடையில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு இடையில்தான் நிறைய இருக்கிறது.

சின்னத் தவறுதான். ஆனால் பெரியப்பா அதைக் காலை ஏழு மணிக்குள் சுவருக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். அமரவிளையில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் நெல்லையப்பன், தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா தாணுலிங்கம் அவருடைய தம்பி. இருவரும் பேசி எட்டு வருடம் ஆகிறது. தாத்தா இறந்த அன்று பெரியப்பா மலைப் பக்கம் தேர்தல் வேலையில் இருந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று எல்லோரும் சொல்ல, மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அப்பா வைத்துவிட்டார். "எனக்க இடத்துல அவன் நின்னான்." எட்டு வருடமாகப் பெரியப்பா சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஜூன் நாலாம் தேதி பெரியப்பாவின் மகள் ஆனந்தலட்சுமி அக்காவுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மகளைத் தாரை வார்க்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அந்தப் பலகையில் அவருடைய தம்பி உட்கார வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். பெரியப்பா இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். வெள்ளறடைப் பக்கத்திலிருந்து ஒரு நாட்டு வைத்தியர் வந்து வீங்கிய முட்டிலேயே ஒரு வாரம் எண்ணெய் போட்டுத் தேய்த்து உழிந்தார். முட்டு பூசணிக்காய் போல ஆனது. நாற்காலி போடலாமே என்று கேட்டதற்கு, "கசேரையில இருந்து மகளைக் குடுக்க நான் என்ன கோர்ட்டா நடத்துறேன்?" என்றாராம்.

பிறகுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். முட்டு சரியாகாவிட்டால் பலகையில் உட்காரப்போவது என் அப்பா; அந்த முட்டைப் பார்க்க அவர் மகனையே கூப்பிட்டாள்.

இன்று காலை பெரியம்மா துணி காயப் போடும்போது, எங்கள் அடுக்களைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "முட்டு மூணு சென்டி வத்தியாச்சு. பலகைக்கு யாரும் வேட்டி வெளுக்காண்டாம்." அப்பா தோசையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாளை வேலை: அளவு தவறு என்று பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். வெந்நீர் ஒத்தடம் முடிந்த பிறகு அல்ல, முன்பே.

24 மே, புதன்

ஒத்தடம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அது இன்றைய தவறு.

ஆறு மணிக்குப் போனேன். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, என் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, முட்டைச் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தேன். காலையில் முட்டு விறைத்திருக்கும்போது சூடு. நடந்து, மடக்கிப் பழகி, வீங்கிச் சிவந்த பிறகு குளிர்ச்சி. தடவுவது சிரட்டையின் மேல் அல்ல. தொடைத் தசையிலும் கெண்டைக்காலிலும், கீழிருந்து மேல்நோக்கி, மாவு தொடுவது போன்ற அழுத்தத்தில். இதுதான் நான் படித்த முழுப் பாடம்.  துண்டை எடுத்துப் பிழிந்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, ஞாயித்துக்கிழமை நான் அளந்த இடம் வேற. நேத்து அளந்த இடம் வேற. வீக்கம் வத்தல்ல."

அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "எத்தனை மணிக்கு உனக்க அப்பன் இதைச் சொல்லித் தந்தான்?"

"அப்பா ஒண்ணும் சொல்லல்ல."

"நேத்து இவ சுவர் பக்கம் நின்னு சொன்னா. இன்னைக்கு நீ வத்தல்லன்னு சொல்லுதே. இடையில ஒரு ராத்திரி உண்டு. எலே, முப்பத்திரண்டு வருஷம் நான் ஃபைல் பாத்தவனாக்கும். எந்தக் காயிதத்தை எவன் திருத்தினான்னு மணத்துச் சொல்லுவேன்."

பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு, "அந்த டேப்பு யாருக்க வீட்டு டேப்பு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு டேப்பு."

"அப்பிடி வா" என்றார் பெரியம்மா.

அக்கா உள்ளே போய்த் தன் தையல் மிஷின் டேப்பை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். பெரியப்பா மேசையிலிருந்து மைப்பேனாவை எடுத்தார். குனிய முடியாமல், காலை ஸ்டூல் மேல் வைத்து, முட்டுச் சிரட்டையின் நடுவே இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் தோலின் மேலேயே சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். "இனி இந்தக் கோட்டுலதான். கோடு மாஞ்சா நான்தான் வரைவேன். நீ வரையப்பிடாது."

கோட்டில் அளந்தேன். நாற்பது. இடது முட்டு முப்பத்தாறு. அதையும் சொன்னேன். எதையும் மறைக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நாலு சென்டி பாக்கி" என்றார் பெரியப்பா. "பதினோரு நாள். வத்தல்லன்னா நீ வந்த காரியம் நடந்தாச்சு. வத்திச்சுன்னா எனக்க காரியம்."

நாளை வேலை: குளிர் ஒத்தடத்துக்கு ஐஸ் வேண்டும். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எங்கள் வீட்டில் உண்டு. அங்கிருந்து எடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். வேறு இடம் பார்க்க வேண்டும்.

26 மே, வெள்ளி

தவறு: சிவப்பு வாங்கினேன்.

செக்போஸ்ட் அருகே கிருஷ்ணன்குட்டி அண்ணனின் பெட்டிக்கடையில் சிப்-அப் விற்கிறார். நீளமான பிளாஸ்டிக் உறையில் உறைந்த சர்க்கரைத் தண்ணீர். முட்டைச் சுற்றி வைக்க அளவானது, வளையும், ஒழுகாது என்று நினைத்தேன். நேற்று ஆரஞ்சு ஆறு வாங்கித் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். நன்றாக இருந்தது. இன்று ஆரஞ்சு இல்லை, சிவப்புதான் இருந்தது. ஒன்றில் ஓட்டை. பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் சிவப்பு பரவ, காபி கொண்டு வந்த பெரியம்மா, "அய்யோ, எனக்க மனுசனைக் கொன்னு போட்டானே!" என்று அலறினார். எங்கள் வீட்டு ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. அப்பா எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பெரியப்பா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "சீனி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க, "சாகல்ல. யாரும் கொள்ளிக்கட்டை எடுக்காண்டாம்" என்றார்.

ஜன்னல் சாத்தப்பட்டது.

கோட்டில் அளவு: முப்பத்தொன்பதரை. அக்கா தன் கண்ணால் பார்த்துக் காலண்டரில் எழுதினாள்.

நாளை வேலை: உறைகளை வாங்கும்போதே அமுக்கிப் பார்க்க வேண்டும்.

27 மே, சனி

இன்று செய்தது தவறா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுதினால் தெரியலாம்.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் கடை பூட்டியிருந்தது. மச்சினனின் புது வீட்டுப் பால்காய்ப்பு என்றார்கள். பெரியப்பா நேற்றே பலகையில் உட்காரப் பழக ஆரம்பித்துவிட்டார். இன்று பாதி மடக்கியதற்கே முட்டு சூடாகச் சிவந்துவிட்டது. குளிர்ச்சி வைத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு தட்டு ஐஸ் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அளவு விஷயத்தில் ஒரு தடவை பொய்யனாகிவிட்டேன்.

அப்போது ஈசாக் சைக்கிளில் வந்தார். பூவார்ப் பக்கம் மீன் எடுத்துக் காஞ்சிரங்குளம் வழியாக வருகிறவர். எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் மணி அடிக்காமல் போகிறவர், சைவ வீடு என்பதால். நான் கை காட்டியதும் காலை ஊன்றி நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"என்ன பிள்ளே, வழி தெற்றிப் போச்சா?"

"ஐஸ் மட்டும் வேணும்."

"மீன் வேண்டாம், ஐஸ் மட்டும்! சாளை கிடந்த ஐஸா, அயிலை கிடந்த ஐஸா? பிள்ளைமாரு வீட்டுக்கு எது சேரும்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியின் அடியில், மீன் படாத பக்கத்திலிருந்து ஒரு பாளம் உடைத்துத் தந்தார்.

பைப்பில் மூன்று முறை கழுவினேன். பிளாஸ்டிக் பையில் போட்டேன், இன்னொரு பையில் போட்டேன், துண்டில் சுற்றினேன். மோந்து பார்த்தேன், மீன் வாடை இருக்கிறதா என்று. இருந்தது. வாசலிலேயே நின்று சொன்னேன்: "இது ஈசாக்குக்க ஐஸ். சிப்-அப் கடை இல்ல. எங்க வீட்டு ஐஸ் உண்டு. எது வேணும்னு நீங்க சொல்லணும்."

பெரியம்மா ஈரக்கையால் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாண வீட்டுக்குள்ள மீனைக் கொண்டு கேத்தப் பாக்கியானே! சுவருக்கு அந்தால இருந்து சொல்லி விட்டதாக்கும் இது. தீட்டுப் பண்ணி முகூர்த்தத்தை முடக்கதுக்கு."

"அம்மா, மீன் இல்ல, ஐஸு" என்றாள் அக்கா.

"நீ பேசாத. உனக்கு அடுத்த வாரம் கழுத்துல மாலை விழணும்."

பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையே சாப்பிடாதவர். முட்டை போட்ட பிஸ்கட்டை வீட்டுக்குள் விடாதவர். "எலே, இங்க வா" என்றார். போனேன். துண்டைத் தன் கையாலேயே வாங்கி முட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"அவனுக்க வீட்டு ஐஸை விட இது சுத்தமாக்கும்" என்றார். "குளிச்சாப் போவும் இந்த நாத்தம்."

பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து வைத்தேன்.  பிறகு அவர் நொண்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போய் ஏழு வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்தார். மைக்கோடு அழிந்துவிட்டது. ஈரத்தோடு வந்து உட்கார்ந்து மறுபடி வரைந்து தேதி போட்டார்.

நாளை வேலை: இரண்டு நாளைக்கான சிப்-அப் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

29 மே, திங்கள்

தவறு: சாப்பிடும்போது ஐஸ் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அப்பா அடுத்த அறையில் இருந்தது தெரியாது.

அப்பா வந்து என் எதிரே உட்கார்ந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் கஷ்டம்.

"மீன் கிடந்த ஐஸு சுத்தம், எனக்க வீட்டு ஐஸு தீட்டு. அப்பிடித்தானே சொன்னாரு?"

"கோவத்துல சொன்னாரு."

"அப்பா செத்துக் கிடக்கும்போ பொழுது அஸ்தமிக்க அரை மணிக்கூரு. எல்லாரும் என்னையாக்கும் பாத்தாவ. நான் ஆசைப்பட்டா கொள்ளி எடுத்தேன்? எட்டு வருஷமா என்னைக் கள்ளன்னு சொல்லுதாரு." அவர் என் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தப் பலகைக்கு நான் ஆசைப்படல்ல. ஆனா முடியல்லன்னு அவரே வந்து கூப்பிடணும். தம்பி, நீ இருன்னு ஒருக்கா அவரு வாயால கேக்கணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீ ஒண்ணும் கெடுக்காண்டாம் மக்கா. ரெண்டு நாளு போகாம இரு. அது போதும்."

இன்றைய அளவு முப்பத்தெட்டரை. ஆறு நாள் இருக்கிறது. நன்றாகத்தான் போகிறது. அது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாதி இருக்கிறது.

நாளை வேலை: ஆறு மணிக்குப் போக வேண்டும்.

31 மே, புதன்

நேற்று போகவில்லை. எழுதவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று எழுதலாம், மழை என்று எழுதலாம். இரண்டும் இல்லை. ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகம்பைத் தட்டுவது கேட்டது. ஆறேகாலுக்கு அக்கா வந்து சுவரோரம் நின்று, "ராஜீவ்... எலே ராஜீவ்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏழு மணிவரை படுத்திருந்தேன். அப்பா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று போனேன். முட்டைப் பார்த்ததும் தெரிந்தது. கோட்டில் நாற்பத்தரை. நான் வராததால் பெரியப்பா தானே முறிவெண்ணெயை ஊற்றி, சிரட்டையின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். ஒரு மணி நேரம். வலித்தால் வேலை செய்கிறது என்று நினைத்தாராம்.

"அறிஞ்சோண்டு வராம இருந்தியா?" என்று கேட்டார்.

கேள்வி நேராக இருந்தது. பதிலையும் நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. "ஆமா."

பெரியம்மா துடைப்பத்தைக் கீழே போட்டார். அக்கா திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கு யார் திட்டியதும் நினைவில்லை, அந்தத் தோள்தான் நினைவிருக்கிறது.

பெரியப்பா மட்டும் கத்தவில்லை. "முதல்முறையா அந்த வீட்டுல இருந்து ஒருத்தன் உள்ளதைச் சொல்லியிருக்கான்" என்றார். "இனி உன்னை நம்பாண்டாம்னு எனக்கு நிச்சயமாச்சு. நம்பாதவனை வேலை வாங்க எனக்குத் தெரியும். ஆபீஸ் முழுக்க அப்பிடித்தான் இருந்தாவ. ஐஸை எடு."

நான் காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகவும், கடைக்குப் போகும் முன் இன்னொரு முறையும் வர ஏற்பாடு. மூன்று நாள் எண்ணெய்க்குப்பி அக்காவின் பீரோவில் பூட்டி வைக்கப்படும். கல்யாணம்வரை மாலையிலும் ஐஸ் வைக்க வேண்டும் என்பதால் வகுப்புக்கு நான் போகப்போவதில்லை.

நாளை வேலை: ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். சிரட்டையின் மேல் கை படக் கூடாது, என் கையும் சரி, அவர் கையும் சரி.

3 ஜூன், சனி

இன்று தவறு ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அதனால் சந்தேகமாக இருக்கிறது.

காலை அளவு முப்பத்தெட்டே முக்கால். சூட்டுக்குப் பிறகு தொடையைத் தளர்த்திவிட்டேன். பந்தல் போடுகிறவர்கள் முற்றத்தில் மூங்கில் நட்டுக்கொண்டிருக்க, உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டுப் பெரியப்பா பலகையில் உட்கார்ந்து பார்த்தார். இடது காலை மடக்கினார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் வைத்தார். நெற்றியில் வியர்வை. அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு நிமிடம். தாரை வார்க்க அதற்குக் குறைவாகத்தான் ஆகும் என்று புரோகிதர் சொல்லியிருக்கிறார்.

"இருந்தேன் பாத்தியா" என்றார் பெரியம்மாவிடம்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தரையில் கையை ஊன்றினார். முட்டு நிமிரவில்லை. நான் அருகே போனபோது, "தொடாத!" என்றார். மறுபடி முயன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, தோள் சுவரில் இடித்து உட்கார்ந்துவிட்டார்.  வெளியே மூங்கில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால இப்பிடி விழுந்தா என்ன செய்வியோ?" என்றார் பெரியம்மா. முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "உங்க தம்பியையே இருக்கச் சொல்லிருவோமே. ஒரு வார்த்தை. நானே போய்ச் சொல்லுதேன்."

பெரியப்பா சுவரைப் பார்த்தார், அதற்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கிற சுவரை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா கேட்க நினைத்த அந்த ஒரு வார்த்தை இப்போது வந்துவிடும் என்று நினைத்தேன். வர வேண்டும் என்றும் நினைத்தேன், வரக் கூடாது என்றும் நினைத்தேன்.

"இருக்க எனக்கு முடியும்" என்றார். "எழும்பத்தான் ஆளு வேணும். எலே, தூக்கு."

வகுப்பில் சொல்லித் தந்தபடி வலது பக்கம் பின்னால் குத்தவைத்து, அவர் கக்கத்துக்கடியில் என் முன்கையைக் கொடுத்து, இடது காலில் பாரம் போடச் சொல்லித் தூக்கினேன். ஒரே மூச்சில் எழுந்துவிட்டார். முட்டு வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"நாளைக்கும் நீதான்" என்றார். "பலகைக்குப் பின்னால நீ நிக்கணும்."

"வேற யாருக்காவது சொல்லித் தாறேன் பெரியப்பா. பந்தல்காரரு கூட..."

"வேற யாரும் வேண்டாம். நான் இருந்து குடுக்கதை உனக்க அப்பன் பாக்கணும். என்னைத் தூக்கி விடுகது அவனுக்க மகன்னும் பாக்கணும்." என் தோளைப் பிடித்து நின்றுகொண்டே சொன்னார். கை கனமாக இருந்தது. "உன்னை நம்பியில்ல கேட்டியா. அவன் பாக்கதுக்காக்கும்."

வெளியே வரும்போது அக்கா வாசல்வரை வந்தாள். தன் தையல் டேப்பைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நானே சொன்னேன். இன்னொருவர் சொல்லிக் கேட்பதைவிட அது மேல் என்று தோன்றியது. அவர் கல்யாணத்துக்காக வெளுத்துத் தேய்த்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிலிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"பின்னால நின்னா, நின்ன இடத்துலயே அவன் சாப்பிட்டுக்கட்டும். இங்க இலை போடாண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

நாளை வேலை: ஐந்து மணிக்குச் சூட்டு ஒத்தடம், பதினைந்து நிமிடம். தொடையிலும் கெண்டைக்காலிலும் மட்டும் தடவ வேண்டும். கோட்டில் அளந்து அக்காவின் காலண்டரில் எழுத வேண்டும். ஒன்பது மணிக்கு மணவறையில் பலகைக்குப் பின்னால் வலது பக்கம் நிற்க வேண்டும். தாரை முடிந்ததும் முன்கையைக் கக்கத்துக்கடியில் கொடுத்து, இடது காலில் பாரம் போடச் சொல்லி, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். தூக்கும்போது எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. முட்டைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஐஸ், பத்து நிமிடம்.